மெட்ரோவுக்கு மத்திய அரசு நிதி: செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

"மெட்ரோவுக்கு மத்திய அரசு பல ஆயிரம் கோடி" என்று செய்தி வந்தால், அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை வைத்தே பழகுவோம்.

1. மொத்தச் செலவைத் தாளின் மேலே எழுதுங்கள். 118.9 கிலோமீட்டர், 128 நிலையங்கள், 63,246 கோடி ரூபாய்.

2. எந்த வழியில் பணம் வருகிறது என்று பாருங்கள். 2017 மெட்ரோ ரயில் கொள்கையில் மூன்று வழிகள் உண்டு: தனியாரைச் சேர்த்துக்கொண்டு, விழும் துண்டை அரசு ஈடுகட்டுவது, மத்திய அரசு 10 சதவீதம் மொத்தமாகத் தருவது, மத்திய, மாநில அரசுகள் சம பங்கு போடுவது. சென்னையின் இரண்டாம் கட்டம் முதலில் மாநிலத் திட்டமாகத்தான் ஓடியது. மத்திய அரசின் பொறுப்பு 10 சதவீதம்தான், அதுவும் நிலச் செலவு நீங்கலாக. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை இதை மத்தியத் திட்டமாக ஏற்றது.

3. இனிதான் முக்கியமான வேலை. "65 சதவீதம் மத்திய அரசு தரும்" என்ற அறிவிப்பை உடையுங்கள். 33,593 கோடி கடன். 7,425 கோடி பங்கு மூலதனமும் (நிறுவனத்தில் பங்காளியாகப் போடும் பணம்) துணைக் கடனும் (மற்றக் கடன்களுக்குப் பிறகே திருப்பித் தரப்படும் கடன்). இரண்டாவது தொகை மொத்தச் செலவில் ஏறத்தாழ 12 சதவீதம்தான். அதிலும் துணைக் கடன் என்பது பெயரிலேயே கடன்! ஆக, 65 என்ற எண்ணைப் பார்த்து அவ்வளவும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

4. கடனை யார் அடைப்பது? சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். குறைந்தது 5 ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு, அதாவது பெரும்பாலும் பணி முடிந்த பிறகே, தவணை தொடங்கும். நிறுவனத்தால் முடியாத ஆண்டுகளில் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். அப்படியானால் மத்திய அரசுக்கு இதில் சுமையே இல்லையா? இருக்கிறது. வெளிநாட்டு நிதி அமைப்புகளிடம் வாங்கும் கடன் இப்போது மத்திய அரசின் கணக்கில் ஏறுகிறது. அதனால் மாநிலம் தன் கடன் வரம்புக்குள் வேறு வேலைகளுக்குப் பணம் திரட்ட இடம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், சென்னைக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான்.

5. உங்கள் ஊர்த் திட்டம் இன்னும் திட்ட அறிக்கை நிலையில் இருந்தால், தொகையை விடுங்கள், தகுதியைப் பாருங்கள். நகர் முழுவதற்குமான போக்குவரத்துத் திட்டம், பேருந்து போன்ற மாற்று வழிகளோடு ஒப்பீடு, போடும் பணத்துக்குச் சமூகத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 14 சதவீதப் பொருளாதாரப் பலன் எல்லாம் கேட்பார்கள். அப்புறம் மக்கள்தொகை. கோவை, மதுரை அறிக்கைகள் 20 லட்சம் என்ற வரம்பைக் காட்டி 2025 நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்டன. ஒப்பிட எடுத்ததோ 2011 கணக்கெடுப்பு!