மாரியில் பொங்கல் வாழ்த்து அட்டை: டை வெட்டு சரிவந்த விதம்

கிளிநொச்சியில் தைப்பொங்கல் அட்டை வேலை தொடங்குவது மாரி மழைக்குள்தான். ஈரக்காற்றை உறிஞ்சிய 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள) அட்டையை டை, அதாவது பானை, கரும்பு உருவங்களை வெட்டும் உலோக அச்சு, சுத்தமாக வெட்டாது. பானையின் விளிம்பு நார் நாராக நிற்கும், கரும்புத் தோகை டைக்குள்ளேயே சிக்கிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால், டையையும் அட்டையையும் வைத்து அழுத்தும் வெட்டுத்தட்டுதான் வளையும். அட்டைகளை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் இரவு முழுக்க மூடி வைத்தேன். வெட்டும்போது டைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு மெழுகுத் தாள். அப்புறம் தோகையின் நுனிகூட முழுசாகக் கழன்று வந்தது. எவ்வளவு சந்தோஷம்!

அட்டைக்கு நிறம் பூசும்போது மை திட்டுத் திட்டாக விழுந்தால், மை தொட்ட ஸ்பொஞ்சை முதலில் கழிவுத்தாளில் தட்டி, அங்கிருந்தே வட்டம் வட்டமாக அட்டைக்குள் கொண்டுவாருங்கள். மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சளுக்குப் போனால் சூரியன் அழகாக வரும். ஒரு தொகுதி அட்டைகளுக்கு ஒரே இருப்பில் மை பூசிவிடுங்கள், நிறம் ஒத்துவரும்.