ஒற்றை ஆள் கன்ட்ரி ராக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி

உச்சிப்புளிப் பக்கம் மைக்செட் போடுகிறவன் நான். முளைப்பாரி, கந்தூரி, மாதா கோயில் திருவிழா என்று வருசம் முழுக்க அலறல்தான். பாக்ஸை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு காதுக்கு வேறு ஏதாவது வேண்டியிருக்கும். அப்போது நான் போடுவது அவசரமில்லாத சைக்கடெலிக் கன்ட்ரி ராக்; அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை ராக்கோடு கலந்து, மயக்கம் தருகிற சத்தம் ஏற்றிய இசை. அதிலும் ஒரே ஆள் எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிகிற வகை. "அண்ணே, இவனுகளை எல்லாம் எங்க பிடிக்கிறீங்க?" என்று கூட வேலை பார்க்கும் தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், சத்தத்தை வைத்துத் தேடுங்கள். இந்த ஆட்களில் பலர் ஒரு குழு மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முதலில் பெடல் ஸ்டீல் கிட்டாரைக் காதுக்குப் பழக்குங்கள். மேசை மாதிரிக் கால்களோடு படுக்கைவாட்டில் நிற்கும் கருவி, ஒரு வரிசைக்குப் பெரும்பாலும் 10 கம்பி. ஒரு கையில் இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்துவார்கள். காலுக்குப் பெடல், முட்டிக்கு லீவர். பெடலை மிதித்தால் சில கம்பிகளின் சுரம் மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். நாதஸ்வரக்காரர் சுரம் விட்டுச் சுரம் வழுக்கிப் போகிற மாதிரித்தான். ஆனால் இங்கே அசையாத சுரமும் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு கன்ட்ரி. அதன்மேல் எக்கோவும், ரிவெர்பும் (பெரிய கூடத்துக்குள் சத்தம் தங்கித் தேய்கிற மாதிரி), ஃபஸ்ஸும் (சத்தத்தைக் கரகரவென்று உடைப்பது) ஏற்றினால் சைக்கடெலிக்.

1969-ல் வந்த ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் ஸ்னீக்கி பீட் க்ளைனோ தன் ஸ்டீல் கிட்டாரை ஃபஸ் வழியாக விட்டிருக்கிறார். ஸ்பீக்கர் கிழிந்துபோச்சா என்று எங்கள் ஆட்கள் ஓடி வந்து பார்ப்பார்களே, அந்தச் சத்தம்! அதே குழுவில் இருந்த கிராம் பார்சன்ஸ் தன் இசையை 'காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்' என்றார். இன்றைக்கும் தேடுவதற்கு அந்தக் 'காஸ்மிக்' உதவும்.

அப்புறம் ஒற்றை ஆள் விஷயம். மோபி கிரேப் குழுவில் இருந்த ஸ்கிப் ஸ்பென்ஸின் 'ஓர்' (Oar) ஆல்பத்தைக் கேளுங்கள். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர், 1968 டிசம்பரில் நாஷ்வில் போய் டிரம், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தானே பதிந்தார். மறு வருடம் வெளியானபோது விற்கவே இல்லை. அதில் டிரம்மும் பேஸும் கொஞ்சம் விலகி விலகி நடக்கும். நாலு பேர் சேர்ந்து வாசித்தால் முகம் பார்த்துத் தாளத்தை நேராக்கிவிடுவார்கள். ஒருத்தரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும்போது அந்தத் தளர்ச்சி அப்படியே தங்கிவிடும். எனக்கு இந்த வகை பிடித்ததே அதனால்தான்.

அது கனமாகத் தோன்றினால் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியாவின் 1972 தனி ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். டிரம்முக்கு பில் க்ராய்ட்ஸ்மான். மற்றது ஏறக்குறைய எல்லாம் கார்சியாவே. கடைசிப் பாட்டு 'தி வீல்', அதில் பெடல் ஸ்டீலும் அவர்தான்.

புது ஆட்களுக்கு, இசைக்காரர்கள் தங்கள் ஆல்பத்தை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் போங்கள். யூடியூப் தானாகத் தள்ளுவதை நம்பினால் சுற்றிச் சுற்றிப் பெரிய பெயர்களிடமே கொண்டுவந்து விடும். காஸ்மிக் கன்ட்ரி, சைக் கன்ட்ரி என்று ஆங்கிலத்தில் தட்டி, அந்த டேக் உள்ள ஆல்பங்களைத் திறந்து, பாட்டுப் பட்டியலுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். எழுதியது, வாசித்தது, பதிந்தது மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால் நம்ம ஆள். ஸ்டீலுக்கு மட்டும் சில சமயம் வேறொருவர் பெயர் இருக்கும். லேசில் கைக்கு வரும் வாத்தியம் இல்லையே. அந்தப் பெயரை எடுத்துத் தேடுங்கள், அவர் வாசித்துக் கொடுத்த வேறு ஆல்பங்களும் வரும். எனக்குப் பிடித்த பலர் இப்படி மாட்டியவர்கள்தான். வாங்கியவர்களின் சின்னப் படங்களும் பக்கத்தில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று தெரியும்.

கேட்கும்போது பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் ஸ்டீல் அமுங்கிப்போகும். முதல் பாட்டில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மாற்றாதீர்கள். மூன்று பாட்டாவது கொடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே ஸ்பீக்கர் வைப்பது வீண். ரிவெர்ப் தேய்ந்து அடங்குகிற இடமெல்லாம் காற்றோடு போய்விடும், ஹெட்போனே சரி.

பிடித்துவிட்டால் காசு கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுக்கும்; 2020-லிருந்து அவர்கள் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய்க் கேட்கிற எண்ணம் இருந்தால் முன்னாலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்தாலும் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.