மாமாக் கடையில் தொடங்கும் நீரிழிவுக் கட்டுப்பாடு

மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 2011இல் 11.2 விழுக்காட்டினராக இருந்து, 2019இல் 18.3 விழுக்காட்டினராக உயர்ந்தனர். பினாங்கில் வசிப்பவர் முதலில் மாற்ற வேண்டியது, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவகமான மாமாக் கடையில் கேட்கும் தேநீரையே. அங்கே கிடைக்கும் ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கின் இனிப்பு, அதில் சேர்க்கும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலிலேயே இருப்பதால், சீனி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பயனில்லை. ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டால் பாலும் சீனியும் சேராத தேநீர் கிடைக்கும். பால் இல்லாமல் முடியாதவர்கள், இனிப்பில்லாத பால் சேர்த்த ‘தே சி கோசோங்’ கேட்கலாம். முதல் வாரம் கசக்கும். பிறகு பழைய தேநீர்தான் திகட்டும்.

பரோட்டா வகையான ரொட்டி சானாய் வாரம் ஒருமுறை போதும். தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். வெறும்வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோலை எட்டினால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.