கூச்சப்படுற ஃப்ரெண்டோட ரோல்-பிளேயிங் கேம் ஆட ஆரம்பிக்கறது எப்படி?

நாலு பேர் முன்னாடி வாயத் திறக்கவே தயங்குற ஒருத்தர் உங்க ஃப்ரெண்ட்ஸ்ல இருக்காங்களா? அவங்கள டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேமுக்குக் கூப்பிடுங்க. பேப்பர், பென்சில், பகடை போதும், ஒருத்தர் கதைய நடத்துவாரு, அவர்தான் கேம் மாஸ்டர், மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா அந்தக் கதைக்குள்ள போவாங்க. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதுக்கெல்லாம் மூத்தது, அதோட அடிப்படை ரூல்ஸ் ஆன்லைன்ல இலவசமாவே கிடைக்குது, அதனால எடுத்த எடுப்புல காசு செலவு பண்ணாதீங்க.

மொத்தம் 4, 5 பேர் போதும். கூட்டம் சேந்துச்சுன்னா அமைதியா இருக்கறவங்க ஓரமா ஒதுங்கிடுவாங்க.

ஆடறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து பேசிடுங்க, இதுக்கு செஷன் சீரோன்னு பேரு. என்ன மாதிரி கதை, எத்தன மணி நேரம், எந்த விஷயம் வந்தா யாருக்கு மனசு கஷ்டமாகும், எல்லாத்தையும் பேசுங்க. டேபிள் நடுவுல எக்ஸ் கார்டுன்னு, எக்ஸ் போட்ட ஒரு அட்டை வெப்பாங்க, யாராவது அதத் தொட்டா அந்தக் காட்சிய விட்டுட்டு வேற பக்கம் போயிடணும், ஏன்னு கேக்கக் கூடாது. தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க, பயமில்லாத எடத்துலதான் வாய் தானா தொறக்கும்.

ஆட்டத்துல முக்கியமானது ஒரே கேள்விதான், "நீ என்ன பண்ற?" எங்க டேபிள்ல ஒரு பொண்ணு முதல் ரெண்டு வாரம் "அட்டாக் பண்றேன்"ங்கறதத் தவிர எதுவுமே பேசல. மூணாவது வாரம் கோட்டை வாசல்ல காவக்காரன் வழிமறிச்சான், கேம் மாஸ்டர் அவள மட்டும் பாத்து அந்தக் கேள்வியக் கேட்டுட்டு சும்மா இருந்தாரு, அவ பென்சில உருட்டிக்கிட்டே இருந்தா, நாங்க யாரும் எடுத்துக் குடுக்கல. அப்புறம் மெதுவா, "நான் மருத்துவச்சி, உள்ள ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு, லேட்டாச்சுன்னா நீ பதில் சொல்றியா?"ன்னா. அவன் நம்புறானான்னு பாக்க 20 பக்கப் பகடைய உருட்டினா, பெரிய நம்பர் விழணும், ஆனா 4தான் விழுந்துச்சு. அவன் நம்பல, ஆனா "சரி, நானும் கூட வரேன்"னு கெளம்பிட்டான், இப்போ உள்ள போயி எங்கயாவது ஒரு கர்ப்பிணியக் கண்டுபுடிக்கணும்! அதுக்கப்புறம் அர மணி நேரம் அவதான் எங்களுக்கு வழி சொல்லிக்கிட்டிருந்தா.

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கங்க. கேள்வி கேட்டா காத்திருங்க, அந்த மௌனம் எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி, கலகலன்னு பேசறவங்களுக்கும் வாயக் கட்டிக்கிட்டு அடுத்தவங்க சொல்றதக் கேக்கற பழக்கம் இங்கதான் வருது. அப்புறம், பகடை தோத்தா "முடியல, அடுத்த ஆள்"னு கதவ சாத்தாதீங்க, தோல்வியிலேர்ந்து கதைய வேற பக்கம் திருப்புங்க. சொதப்பினாலும் சொதப்பினது கேரக்டர்தான்ங்கற தைரியத்துலதான் பல பேர் பேசவே ஆரம்பிக்கறாங்க.

வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம்னு வெச்சுக்கங்க, வேலை குடும்பம்னு ஆனப்புறம் ஃப்ரெண்ட்ஷிப் விட்டுப் போறது பெரும்பாலும் பாக்கறதுக்கு நாள் குறிக்காததாலதான். முடிஞ்சதும் உடனே எழுந்து போயிடாம, இன்னிக்கு எந்த எடம் புடிச்சுதுன்னு எல்லார்கிட்டயும் கேளுங்க, கம்மியா பேசினவங்கள முதல்ல கேளுங்க.