கடல்மட்டத் தரவில் பூஜ்ஜியம்: எங்கே வைத்தால் வம்பு?

சென்னைத் துறைமுகத்தில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். மணிக்கு ஓர் அளவு என்று ஒரு வாரம் குறித்தால் 168 எண்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். பெரும்பாலும் பூஜ்ஜியத்தில்தான் வழுக்கி விழுவார்கள்.

மணிக்கு ஒன்றைக் கால் மணிக்கு ஒன்றாக்க வேண்டுமா? மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் அப்சாம்பிள் கட்டளைக்கு 4 என்று கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அது ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் மூன்று பூஜ்ஜியங்களைச் செருகும், அவ்வளவுதான். ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வரும் அலை எவ்வளவு வலுவானது என்று காட்டும் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தால், 12.42 மணி நேரச் சந்திர ஓதத்தோடு (நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது) 55, 65 நிமிடங்களை ஒட்டிப் புதுச் சிகரங்கள் முளைத்திருக்கும். துறைமுகத்துக்குள் தண்ணீர் ஊசலாடுகிறது என்று ஒரு பையன் அறிக்கையே எழுதிவிட்டான். எல்லாம் பழைய ஸ்பெக்ட்ரத்தின் நிழல்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த அலைகளை வெட்டுகிற லோ-பாஸ் ஃபில்டர் போட்டால் மறையும். ஃபில்டரின் பெருக்கம் 4 இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மீட்டர் ஓதம் கால் மீட்டராகத் தெரியும். ரீசாம்பிள் கட்டளை ஃபில்டர், பெருக்கம் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், கடைசியில் பூஜ்ஜியம் ஒட்டுவது. 168-ஐ 4096 ஆக நீட்டினால் எஃப்எஃப்டி (ஸ்பெக்ட்ரத்தை வேகமாகக் கணக்கிடும் முறை) வளைவு வழவழப்பாக வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 12.42 மணி நேரச் சந்திர ஓதமும் 12 மணி நேரச் சூரிய ஓதமும் பிரிந்து தெரிய ஏறக்குறைய 14.8 நாள் அளவு வேண்டும். ஏழு நாளை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் பூஜ்ஜியம் ஒட்டினாலும் ஒரே மேடுதான். ஒட்டும் முன் சராசரியைக் கழியுங்கள். விட்டால் தரவு முடிகிற இடத்தில் செங்குத்துப் பள்ளம் விழுந்து, மெதுவான அலைகள் இருக்கும் பக்கமெல்லாம் கறையாகும். விண்டோ (தரவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் பெருக்கல்) போடுவதாக இருந்தால் அதுவும் ஒட்டுவதற்கு முன்புதான்.

ராத்திரி கருவி நின்று நாலு மணி நேரம் விடுபட்டதா? அங்கே 0 போட்டால் கடல் திடீரென உள்வாங்கியதாகக் கணக்காகும். இதுதான் எனக்குப் பிடிக்காத தவறு, ஏனென்றால் கோப்பைப் பார்த்தால் குறையே தெரியாது. இடத்தைக் காலியாக விட்டு, ஓத அலைகளை மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) பொருத்துங்கள். அதற்கு இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை.