டெல்டாவில் செவன் சீட்டர் வாங்குமுன்: வேன் வகையா, எஸ்யூவியா என்பதில் நடக்கும் தவறுகள்

ஏழு பேர் போகிற வண்டி என்று வீட்டில் முடிவானதும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா என்று வேன் ஜாடையில் இருப்பவை ஒரு கட்சி. சஃபாரி, எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் எஸ்யூவிகள் எதிர்க்கட்சி. "நம்ம ஊர் ரோட்டுக்கு எஸ்யூவிதான் தாங்கும்" என்று யாராவது சொல்லி விவாதத்தை முடித்துவைப்பார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் தட்டைப் பூமி. ஏற்றம் என்றால் ஆற்றங்கரைக்கு ஏறுகிற சரிவும் பாலமும்தான். ரோட்டை விடுங்கள், கடைசி சீட்டில் யார், வருஷத்தில் எத்தனை நாள் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஷோரூமுக்குப் போகிறவர்கள் ஸ்டியரிங் பிடித்துப் பார்ப்பார்கள், சன்ரூஃப் திறந்து பார்ப்பார்கள். கடைசி சீட்டில் ஏறிப் பார்ப்பவர் அபூர்வம். சோதிக்க ஒரு வரிசை உண்டு. ஓட்டப்போகிறவர் முதலில் தன் சீட்டை வசதிக்குத் தள்ளிக்கொள்ளட்டும். அவருக்குப் பின்னால் நடு சீட்டில் ஒருவர் முழங்கால் இடிக்காமல் உட்காரட்டும். அதன் பிறகு, ஐந்தரை அடி உயரமுள்ள இரண்டு பேர் கடைசி சீட்டுக்குப் போய், ஏசியைப் போட்டு, இருபது நிமிஷம் இருக்கட்டும். தொடை சீட்டில் படிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? பாதம் நடு சீட்டுக்கு அடியில் நுழைகிறதா? பல எஸ்யூவிகளில் முழங்கால் நெஞ்சுக்கு ஏறிவிடும். பின் அச்சும் சஸ்பென்ஷனும் கடைசி வரிசைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. கூரை இடிக்கக் கூடாது என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். வேன் வகையில் தரை தாழ்வு, கூரையும் பின்னால் அவ்வளவாகச் சரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான் கடைசி சீட் என்றால் இது பெரிய குறையில்லை. மாமியாரும் சித்தியும் என்றால் குறைதான்.

ஏறி இறங்குவதை இன்னும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடிக்கக் கிளம்பினால் திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு வரை ஒன்பது இடத்தில் இறங்கி, ஒன்பது இடத்தில் ஏற வேண்டும். புடவையோடு, முழங்கால் வலியோடு. வண்டிக்குப் பக்கத்தில் அப்படி ஏறப்போகிறவரை நிற்க வைத்துப் பாருங்கள்: சீட்டில் உட்காரும் பாகம் அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொள்ளலாம். இடுப்புக்கு மேலே போனால் ஒவ்வொரு முறையும் யாராவது தூக்கிவிட வேண்டும். பக்கவாட்டில் படி மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது மூன்று நான்கு விரல் அகலம்தான் இருந்தால், குளத்தில் கால் நனைத்துவிட்டு வருகிறவருக்கு வழுக்கும். நடுவில் தனித்தனி சீட் உள்ள ஆறு சீட் வண்டியில் இடைவழியாகவே பின்னால் போகலாம். ஆனால் வீட்டில் ஏழு பேர் என்றால் அந்த வசதி ஒரு ஆளை வீட்டில் விட்டுவிடும்.

அடுத்தது டிக்கி. திருச்சி விமான நிலையத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து வருகிறவரை அழைக்க ஆறு பேர் கிளம்பிப் போவது டெல்டாவின் வழக்கம். திரும்பும்போது ஆள் ஏழு, பெட்டி இரண்டு மூன்று. கடைசி சீட் விரித்த நிலையில் எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், கேரன்ஸ் 216, இன்னோவா ஹைகிராஸ் 300. சஃபாரியிலும் ஸ்கார்பியோ-என்னிலும் கடைசி சீட்டில் ஆள் இருந்தால் பின்னால் கைப்பைகளைச் சொருகலாம், பெரிய பெட்டி நிற்காது. எர்டிகா சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எரிபொருள் செலவு மிச்சமாகிறதே என்று சந்தோஷப்படுபவர்கள் இதைப் பிறகுதான் கவனிப்பார்கள். சரி, கேரியர் போட்டுக் கூரையில் ஏற்றலாமே என்றால், கூரைக்கு எடை வரம்பு உண்டு, கையேட்டில் பாருங்கள். ஆள் எடையும் கணக்கில் வரும்: 65 கிலோவில் ஏழு பேர் என்றாலே 455 கிலோ. ஆர்சியில் போட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வண்டி தூக்கக்கூடியது தெரியும். முழுச் சுமையில் போகிற அன்று டயர் காற்றையும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமை அளவுக்கு ஏற்ற வேண்டும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி எண்ணை வைத்துச் சண்டை போடுவது வீண். ஆள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கிவிடும். தவிர, வாய்க்கால் மதகு மேட்டில் வண்டியின் வயிறு தட்டுவதற்கு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமும் காரணம்: எர்டிகாவுக்கு 2,740 மி.மீ., சஃபாரிக்கு 2,741, எக்ஸ்யூவி700க்கு 2,750. ஏறக்குறைய ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகை வெள்ளத்திலும், எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். சக்கரத்தின் நடுமையத்தைத் தாண்டித் தண்ணீர் நின்றால் எந்த வண்டியையும் இறக்காதீர்கள்.

எஸ்யூவி என்றால் நாலு சக்கரமும் இழுக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. சஃபாரியும் அல்கசாரும் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள்தான். களிமண் கரையில் பின்னால் நாலு பேர் பாரத்தோடு ஏறினால், எர்டிகா போலவே அவற்றுக்கும் முன்சக்கரம் பிடியில்லாமல் சுற்றும்.

உளுந்துச் செடியையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்பியிருக்கும் மாதங்களில், உயரமான வண்டி என்ற தைரியத்தில் மேலேயே ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. காய்ந்த தாள் அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் நேரத்தில் இன்னும் அதிகமாகச் சூடேறும். தவிர்க்க முடியாமல் போய்விட்டால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்த்து, எஞ்சின் ஆறியதும் பிய்த்தெடுங்கள். அதே வடிகட்டி, தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். கும்பகோணத்துக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு டீசல் வேண்டாம்.

அகலத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். எர்டிகா 1,735 மி.மீ., ஹைகிராஸ் 1,850, ஸ்கார்பியோ-என் 1,917, சஃபாரி 1,922. பக்கக் கண்ணாடி இதில் சேராது. ஏழடி கேட் என்பது 2,134 மி.மீ.; சஃபாரியைக் கண்ணாடி மடக்கி நேராக விட்டாலே ஒரு பக்கம் பத்து சென்டிமீட்டர்தான் மிச்சம். சந்துக்குள்ளிருந்து திரும்பி நுழைய அது போதாது. ஆற்றங்கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க வேண்டியது மழையில் ஊறிய மண் ஓரத்தில். அகலம் குறைந்த வண்டிக்கு அங்கே நிம்மதி.

எஸ்யூவி பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அன்றாடம் நாலைந்து பேர், அடிக்கடி சென்னைக்கு நெடுஞ்சாலைப் பயணம், கடைசி சீட் எப்போதாவது என்றால் எஸ்யூவி எடுக்கலாம். மோதல் சோதனையில் எக்ஸ்யூவி700 2021இலும் சஃபாரி 2023இலும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. எர்டிகாவுக்கு 2024இல் கிடைத்தது ஒன்று. எதை எடுத்தாலும், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள்.

விலையில் மறந்துபோவது சாலை வரி. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. 19.90 லட்சத்துக்கு 3,58,200 ரூபாய் கட்டுகிற இடத்தில் 20.10 லட்சத்துக்கு 4,02,000 ஆகும். இருபதாயிரம் கூடுதலான வேரியன்ட் வரியில் மட்டும் 43,800 சேர்த்து வாங்கிவிடும்.

பழைய இன்னோவா தேடுகிறவர்கள் ஓன் போர்டு (சொந்த உபயோக வண்டி) என்ற சொல்லை நம்பிவிட வேண்டாம். டிராவல்ஸில் ஓடிய டி போர்டு (வாடகை) வண்டியை மாற்றிப் பதிந்திருக்கலாம். ஆர்சி வரலாறு, சர்வீஸ் பதிவில் உள்ள கிலோமீட்டர், பழைய இன்ஷூரன்ஸ் தாளில் வாடகை வண்டி என்று இருக்கிறதா என்பது மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.