கொலு பொம்மையில் உடைந்த துண்டை நாமே வார்க்கலாம்

மாதுங்காவில் எங்கள் வீட்டுக் கல்யாண செட்டில் இரண்டு நாதஸ்வரக்காரர்கள், அதில் ஒருவருடைய அணசு (நாதஸ்வரத்தின் அடியில் புனல் மாதிரி விரிந்த பகுதி) மட்டும் உடைந்து தொலைந்துவிட்டது. இதற்காகப் புது செட் வாங்காதீர்கள். வெந்நீரில் இளகும் மோல்டு குச்சி, ஒயுமாரு மாதிரி, ஆன்லைனில் கிடைக்கும். கொதிக்கக் காய்ந்த தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு, இளகியதும் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றிவிட்டு (இல்லாவிட்டால் காகிதக்கூழ் பொம்மையில் பெயிண்ட் ஊறிப்போகும்) உடையாத அணசின் மேல் அழுத்துங்கள். ஆறியதும் ரப்பர் போல வளைந்து, அச்சாகத் தானே கழன்று வரும்.

அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு எம்-சீல் என்ற எபாக்ஸி பசையின் இரண்டு பகுதியையும் சம அளவில், கோடு கோடாகத் தெரியாமல் ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். அச்சில் துளி வாசலின் தடவி, முதலில் மூலைகளில் ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணியுங்கள், மொத்தமாக அமுக்கினால் காற்றுக்குமிழி மாட்டி விளிம்பு மொண்ணையாகிவிடும். ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், அவசரப்பட்டு உரித்தால் வளைந்துவிடும். வார்த்த துண்டைத் தேய்க்கும்போது தண்ணீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. அச்சை மறுபடி வெந்நீரில் போட்டால் அடுத்த துண்டுக்கு ஆச்சு.